கெமராவைக் கம்ப்யூட்டர் காணவில்லையா?

ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவ, தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சக் காலமாக வீட்டு அலுமாரியைக் கிளறி மினி டிவி (MiniDV) கேசட்டுகளை எடுத்து வருகிறார்கள். அக்கா கலியாணம், அப்பாவின் பிரியாவிடை, மாரியம்மன் தேர், விடிய விடிய நடந்த காமன் கூத்து எல்லாம் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. யாரிடமாவது பழைய கெமராவும் கிடைத்துவிடுகிறது. வயரைக் குத்தி எடிட்டிங் மென்பொருளைத் திறந்தால் "கெமரா இல்லை" என்கிறது. உடனே அந்த மென்பொருளை அழித்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறார்கள். அதுவும் இல்லை என்கிறது.

கலியாண வீடியோவிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மென்பொருள்மேல் பழி போடுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கேசட், கெமரா, வயர், சொக்கெட், விண்டோஸ் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது சரிப்படுத்தியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

1. கேசட்டை உள்ளே போடுவதற்கு முன் அதன் முதுகைப் பாருங்கள். ஓரத்தில் நகத்தால் தள்ளுகிற ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதை "சேவ்" என்ற பக்கம் தள்ளிவிடுங்கள். இனித் தவறிப்போய் சிவப்புப் பொத்தானில் விரல் பட்டாலும் தாலி கட்டும் காட்சிக்கு மேல் உங்கள் அறைச் சுவர் பதிவாகாது. இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

2. நம்ம ஊரில் முதல் எதிரி ஈரம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. மிஸ்ட் இறங்கும் நேரத்தில் வெளியே இருந்த கெமராவை அடுப்பு எரிகிற வீட்டுக்குள் கொண்டுவந்தால், கண்ணாடி வியர்ப்பதுபோல் உள்ளே இருக்கும் டிரம்மும் வியர்க்கும். அந்த டிரம் நிமிடத்துக்கு 9,000 சுற்றுச் சுற்றுவது. அதில் உரசிப் போகும் டேப்போ மைக்ரோன் கணக்கில்தான் தடிப்பு. ஈரத்தில் டேப் டிரம்மோடு ஒட்டிச் சுருண்டால் அதற்குப் பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை. திரையில் நீர்த்துளி அடையாளமோ "டியூ" என்ற எச்சரிக்கையோ வந்தால் கேசட்டை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்தபடி ஒரு மணிநேரம் வையுங்கள். அடுப்புப் பக்கம் வைத்துக் காய்ச்சாதீர்கள். ஹேர் டிரையர் பிடிக்கவே வேண்டாம்.

கேசட்டின் கண்ணாடி வழியே டேப் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைத் தூள் மாதிரி இருந்தால் அது பூஞ்சணம். அதை ஓட்டினால் டேப்பை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அப்படியானதைத் தனியே வைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டுகளைச் சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள்.

3. முதலில் கெமராவின் சின்னத் திரையிலேயே ஓட்டிப் பாருங்கள். அங்கே படம் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. படம் பட்டை பட்டையாக, ஒரு பட்டை நன்றாக ஒரு பட்டை சதுரம் சதுரமாக வந்தால், இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். கிளீனிங் கேசட்டைப் பத்துச் செக்கனுக்கு மேல் ஓட்டாதீர்கள். அது டேப் இல்லை, உப்புத்தாள் மாதிரியான சாமான்.

4. கெமராவின் சுவிட்சை "விசிஆர்" அல்லது "பிளே" பக்கம் வையுங்கள். படம் பிடிக்கிற நிலையில் விட்டால், உள்ளே கேசட் இருக்கும்போது ஐந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிற கெமராக்கள் பல. டேப்பையும் ஹெட்டையும் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். "இப்ப இருந்துச்சு, இப்ப காணோம்" என்று நீங்கள் தேடுவது அதைத்தான். பட்டரியில் ஓட்டாதீர்கள், அடப்டரைக் குத்துங்கள்.

5. இனி வயர். பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மினி டிவி கெமராவில் பெரும்பாலும் இரண்டு டிஜிட்டல் துளைகள் இருக்கும். ஒன்று யூஎஸ்பி. மற்றது நான்கு முனையுள்ள சின்னச் சதுரத் துளை. அதைச் சோனி "ஐலிங்க்" என்று எழுதும், மற்றவர்கள் "டிவி" என்றோ "1394" என்றோ எழுதுவார்கள், ஆப்பிள்காரர்கள் ஃபயர்வயர் என்பார்கள். எல்லாம் ஒன்றுதான். யூஎஸ்பி எல்லோருக்கும் பழக்கம் என்பதால் அதையே குத்துகிறோம். ஆனால் பெரும்பாலான மினி டிவி கெமராக்களில் யூஎஸ்பி இருப்பது மெமரி ஸ்டிக்கில் எடுத்த போட்டோவைக் கொண்டுபோகத்தான். சிலவற்றில் வீடியோவும் வரும், ஆனால் முத்திரை அளவுப் படமாக வரும். டேப்பில் உள்ள 720க்கு 576 படம் முழுசாக, கெமரா எழுதியபடியே வர வேண்டுமென்றால் ஐலிங்க் வழியாகத்தான் வர வேண்டும்.

சரி, லப்டொப்பில் அந்தத் துளை இல்லையே? உடனே கடையில் ஒரு பக்கம் ஃபயர்வயரும் மறுபக்கம் யூஎஸ்பியும் உள்ள வயரைக் காட்டுவார்கள், விலையும் மலிவு. வாங்காதீர்கள். இரண்டும் பேசுகிற பாஷை வேறு. வெறும் செப்புக் கம்பியால் ஒன்றை மற்றதாக மாற்ற முடியாது. வாங்க வேண்டியது மேசைக் கம்ப்யூட்டருக்குப் போடுகிற ஃபயர்வயர் கார்ட். பழைய லப்டொப்பில் எக்ஸ்பிரஸ் கார்ட் துளை இருந்தால் அதற்கும் ஃபயர்வயர் கார்ட் உண்டு. கொழும்புக்குப் போகிறவர்கள் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கேட்டுப் பாருங்கள். புதியது இல்லாவிட்டாலும் கழற்றிய சாமானாகக் கிடைக்கலாம். கார்டின் சிப்பில் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அதைவிட நல்ல வழி, யார் வீட்டிலாவது விண்டோஸ் 7 உள்ள பழைய மேசைக் கம்ப்யூட்டர் தூசி பிடித்துக் கிடந்தால் கேட்டு வாங்கி, இன்டர்நெட் கொடுக்காமல் இந்த ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது.

6. ஃபயர்வயரைக் குத்தும்போதும் கழற்றும்போதும் கெமராவை அணைத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் உள்ள ஆறு முனைத் துளையில் கரண்டும் வருகிறது. தேய்ந்த துளையில் பிளக்கைத் தலைகீழாக அமுக்கினால் உள்ளே போய்விடும், கெமராவின் சிப்பும் அதோடு போய்விடும்.

லயன் வீடுகளில் இன்னொரு ஆபத்து எர்த் இல்லாத பிளக் பொயின்ட். கம்ப்யூட்டர்ப் பெட்டியைத் தொட்டால் கை சுருக்கென்கிறதா? அந்தக் கரண்டுதான் வயர் வழியே கெமராவுக்கும் போகப் பார்க்கும். எர்த் உள்ள பொயின்ட் கிடைக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், அது கோயில் அறையோ பள்ளிக்கூடமோ எதுவாக இருந்தாலும் சரி. மழைக்காலத்தில் இடி இடித்தால் வேலையை நிறுத்துங்கள். யூபிஎஸ் இல்லாமல் கேப்ச்சர், அதாவது டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்குப் பிடிப்பதை, தொடங்காதீர்கள். 2022இல் 13 மணிநேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் காலம் போய்விட்டாலும் மரம் விழுந்து லைன் அறுவது நமக்கு வழக்கம்தான்.

7. வயர் சரியானால் விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். கெமராவைப் போட்டதும் அங்கே ஒரு புதுப் பெயர் தோன்ற வேண்டும். தோன்றினால் சிக்கல் மென்பொருளில். தோன்றாவிட்டால் வயரில், துளையில், அல்லது டிரைவரில். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று இந்த ஒரு பார்வையே சொல்லிவிடும், எடிட்டிங் மென்பொருளைத் திறக்கவே தேவையில்லை.

கார்ட் தெரிகிறது, கெமரா தெரியவில்லை என்றால் 1394 டிரைவரை "லெகசி" என்று முடிகிற பழைய டிரைவருக்கு மாற்றிப் பாருங்கள். விண்டோஸ் 7இல் அது உள்ளேயே இருந்தது. விண்டோஸ் 8இல் எடுத்துவிட்டார்கள், பிறகு மைக்ரோசாஃப்ட் அதைத் தனியே தரவிறக்கத் தந்தது. மெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025இல் வந்த டாஹோ பதிப்போடு ஆப்பிள் ஃபயர்வயரைக் கைவிட்டுவிட்டது. பழைய மெக்கை அப்டேட் செய்யாமல் வையுங்கள்.

8. கெமராவும் கம்ப்யூட்டரும் ஒரே வகையைப் பேசுகின்றனவா என்று பாருங்கள். சோனியின் எச்.வி.ஆர். எச்டி 1000 மாதிரித் தோளில் வைக்கிற கெமராக்கள் ஒரே கேசட்டில் டிவியும் எழுதும், அதைவிடத் துல்லியமான எச்.டி.வி.யும் எழுதும். கெமரா எச்.டி.வி.யை அனுப்ப, மென்பொருள் டிவிக்குக் காத்திருந்தால் கறுப்புத் திரைதான். கெமரா மெனுவில் "விசிஆர் எச்டிவி/டிவி" என்ற வரியையும் "ஐலிங்க் கொன்வ்" என்ற வரியையும் பாருங்கள். வயரைக் குத்துவதற்கு முன்பே அவற்றைத் தீர்மானித்துவிட வேண்டும்.

அடுத்தது பால், என்டிஎஸ்சி என்ற இரண்டு வீடியோ முறைகள். நமக்குப் பால். சவூதி, டுபாய், குவைத் போனவர்கள் கொண்டுவந்த கெமரா பெரும்பாலும் பால்தான். மாடல் நம்பர் "ஈ" என்று முடிந்தால் சந்தேகமில்லை. கனடாவிலிருந்தோ யப்பானிலிருந்தோ வந்தது என்டிஎஸ்சியாக இருக்கும், அதில் நம்ம கேசட் ஓடாது. கேசட் கெட்டுவிட்டது என்று எறிவதற்கு முன் இன்னொரு கெமராவில் போட்டுப் பாருங்கள், தம்பி.

9. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான். டேப்பிலிருந்து பிடிப்பது ஒரு வேலை, வெட்டி ஒட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருளில் செய்தாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

பிரீமியரில் "கேப்ச்சர் டிவைஸ் ஆஃப்லைன்" என்று வரும். செட்டிங்கில் டிவி என்று இருக்கிறதா, கெமரா கொம்பனி பெயர் சரியா என்று பார்த்து, சரிவராவிட்டால் "ஸ்டான்டர்ட்" என்பதைத் தேர்ந்து பாருங்கள். எடியஸில் "ஜெனரிக் ஓஎச்சிஐ" என்ற டிவைஸ் பிரிசெட்டை நீங்களே உண்டாக்கினால்தான் கெமரா தெரியும். ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் கெமராவைப் பிடித்துக்கொள்ள முடியும். விண்டோஸின் இம்போர்ட் பெட்டி பின்னால் திறந்திருந்தால் பிரீமியருக்குக் கெமரா கிடைக்காது. இவ்வளவும் பார்த்தும் மசியவில்லையா? விட்டுவிடுங்கள். வின்டிவி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். சின்னஞ்சிறியது, பழையது, அழகில்லாதது. டேப்பில் உள்ளதை அப்படியே கோப்பாக எழுதுவதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாதது. அந்த ஒன்றைத்தான் நாமும் கேட்கிறோம். கோப்பு கைக்கு வந்தபின் எந்த மென்பொருளிலும் ஆறுதலாக வெட்டலாம்.

பெரிய மென்பொருள்களில் இன்னொரு தொல்லை டைம் கோட், அதாவது டேப்பில் பதியும் நேர எண். கலியாணத்தில் எடுத்ததை இடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெற்று டேப் விட்டு மறுபடி பதிந்திருப்பார்கள். அந்த இடத்தில் எண் பூச்சியத்துக்குப் போகும், மென்பொருள் தடுமாறி நின்றுவிடும். வெற்று இடத்தைத் தாண்டி, இன்னொரு கோப்பாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கேசட் மூன்று கோப்பானால் குடி முழுகிப்போகாது.

10. ஏறத்தாழ 19, 20 நிமிடத்தில் ஒவ்வொரு தடவையும் நிற்கிறதா? கெமராவைத் திட்டாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஃபாட் 32 வகையில் ஃபோர்மட் ஆகியிருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது. மினி டிவி ஒரு மணிநேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. கணக்குப் போட்டுப் பாருங்கள், தானே விளங்கும். என்டிஎஃப்எஸ் ஆக்கினால் சரி. ஃபோர்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போகும், முதலில் எடுத்து வையுங்கள். பென் டிரைவில் நேரடியாகப் பிடிக்காதீர்கள்.

11. சத்தம் இல்லாமலோ, உதட்டோடு ஒட்டாமலோ வந்தால் ஓடியோ எண்ணைப் பாருங்கள். பல வீட்டுக் கெமராக்களில் 12 பிட், 32 கிலோஹேர்ட்ஸ் என்றே கொம்பனி வைத்து அனுப்பியிருக்கும். மென்பொருளில் புரொஜெக்ட் 48 என்று திறந்திருப்பீர்கள். 32இல் திறந்து பாருங்கள்.

12. கூத்துக் கேசட்டுகளுக்குத் தனி வார்த்தை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் இரவு முழுக்க நடப்பவை. கேசட் விலையைப் பார்த்து அவற்றை எல்.பி. என்ற மெதுவான ஓட்டத்தில் எடுத்தவர்கள் பலர். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம் பிடிக்கும். ஆனால் வழக்கமான ஓட்டமான எஸ்.பி.யில் 10 மைக்ரோன் அகலமாக இருக்கும் தடம் எல்.பி.யில் 6.7 மைக்ரோனாக ஒடுங்கிவிடும். அந்த ஒடுக்கத்தை எடுத்த கெமராவே சரியாக வாசிக்கும், மற்றக் கெமராக்கள் வாசிக்கவும் வாசிக்கும், திணறவும் திணறும். ஆகவே கேசட்டைத் தேடிப் போகும்போது "எந்தக் கெமராவில் எடுத்தீங்க அண்ணே, அது இருக்கா?" என்று சேர்த்தே கேளுங்கள். பழுதாகி மூலையில் கிடந்தாலும் அதைத் திருத்திப் போடுவதே நல்லது. அது இல்லையென்றால் இரண்டு மூன்று கெமராக்களில் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். ஒன்றில் உடைந்த இடம் இன்னொன்றில் நன்றாக வரலாம், எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

13. ஐலிங்க் துளை எரிந்துபோன கெமராவா? மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயர் இருக்கிறதே. யூஎஸ்பியில் குத்துகிற கேப்ச்சர் டிவைஸ் ஒன்றின் வழியாகப் பிடிக்கலாம். கெமராவில் எஸ்-வீடியோ துளை இருந்தால் மஞ்சளை விட்டு அதை எடுங்கள். தரம் ஒரு படி குறையும், படம் பிழைக்கும். விஎச்எஸ் கேசட்டுகளுக்கும் இதே வழிதான்.

14. கார்டில் எழுதுகிற ஏவிசிஎச்டி கெமராவுக்கு வேறு விதி. உள்ளே போய் எம்டிஎஸ் கோப்பை மட்டும் பொறுக்காதீர்கள், முழு ஃபோல்டரையும் அப்படியே எடுங்கள். நீளமான காட்சியைக் கெமரா துண்டு துண்டாக எழுதியிருக்கும், அவற்றை ஒட்டுகிற குறிப்பு வேறு ஃபோல்டரில் இருக்கும். அதை விட்டுவிட்டால் ஒட்டில் சத்தம் ஒரு நொடி அறும். கைபேசி என்றால், வயரைக் குத்தியதும் திரையில் "சார்ஜ் மட்டும்" என்பதை "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" ஆக்குங்கள். கைபேசிப் படத்தில் ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும், எடிட்டிங்கில் போகப் போகச் சத்தம் விலகும். ஹேண்ட்பிரேக்கில் போட்டு 25 அல்லது 30 என்று நிலையாக்கிவிட்டு வெட்டுங்கள்.

15. பிடித்து முடித்ததும் மூல ஏவிஐ கோப்பை அழித்துவிட்டு எம்பி4 மட்டும் வைத்துக்கொள்வது கூடாது. கேட்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் எம்பி4 கொடுங்கள், மூலக் கோப்பு உங்களோடு இருக்கட்டும். அதற்கு இரண்டு பிரதி, இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று தோட்டத்துக்கு வெளியே, டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்களை மூடியது. இந்த மலையில் இருந்துகொண்டு இரண்டு பிரதியையும் ஒரே கூரைக்குக் கீழே வைப்பது புத்தியில்லை.

கேசட்டே தொலைந்துவிட்டது என்கிற வீடுகளில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்தியாவுக்குப் போன சொந்தம் யாராவது உண்டா? 1964ஆம் ஆண்டுச் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று போனவர்களுக்குக் கலியாணக் கேசட்டின் பிரதியை இங்கிருந்து அனுப்பியிருப்பார்கள். அங்கேயும் பால்தான். விசிடியாக இருந்தாலும் வாங்கி வையுங்கள்.

தங்கச்சி, தம்பி, இந்தக் கெமராக்களுக்கு ஹெட்டும் பெல்ட்டும் இனிப் புதிதாக வரப்போவதில்லை. ஓடுகிற ஒரு கெமரா உங்கள் தோட்டத்தில் யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே விசாரித்து எழுதி வையுங்கள். எடிட்டிங் அடுத்த வருஷமும் செய்யலாம். முதலில் எல்.பி. கேசட்டுகளைப் பிடியுங்கள், பிறகு மற்றவற்றை.